ஜோத்பூரா, ஜெய்சல்மேரா, பிகானேரா? ஒரு வாரத்தில் தார் பாலைவனம்

ராஜஸ்தான் போக முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். ஜெய்ப்பூர் இரண்டு நாள், உதய்ப்பூர் ஒரு நாள், ஜோத்பூர் ஒரு நாள், ஜெய்சல்மேர் ஒரு நாள், வழியில் முடிந்தால் புஷ்கர். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் சுமார் 335 கிலோமீட்டர். அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னும் 285 கிலோமீட்டர். பாதிப் பகல் வண்டியிலேயே போய்விடும். கோட்டை வாசலில் இறங்கும்போது மாலை நான்கு மணி. அவசர அவசரமாக உள்ளே ஓடி, நாலு படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். பல நூறு வருடக் கோட்டைகளை இப்படிப் பார்ப்பது அநியாயம்.

பாலைவனம் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறீர்கள் என்றால், ஜெய்ப்பூரையும் உதய்ப்பூரையும் இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டும் அருமையான ஊர்கள்தான். ஆனால் தார் பாலைவனம் ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே விரிகிறது. உதய்ப்பூர் அந்த மலைகளுக்கு நடுவே ஏரிகளோடு இருக்கிற ஊர். ஜெய்ப்பூர் 1727-இல் சவாய் ஜெய்சிங் திட்டமிட்டுக் கட்டிய நகரம், அதுவும் கிழக்குப் பக்கம். ஆக, ஒரு வாரம் கையில் இருப்பவருக்கு உண்மையான கேள்வி மூன்று ஊர்களுக்குள்தான்: ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை போகிறவர் ஜோத்பூரில் மூன்று இரவும் ஜெய்சல்மேரில் இரண்டு இரவும் தங்கலாம். பிகானேர் யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது குறைந்த ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று ஊர்களையும் ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். மழையே சரியாகப் பெய்யாத இந்த மண்ணில் இவ்வளவு செல்வம் எப்படி வந்தது, தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியோடு போனால் கோட்டையும் குளமும் சாப்பாடும் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும். அது இல்லாமல் போனால் மூன்றாவது அரண்மனையிலேயே கண்ணாடி வேலைப்பாடு அலுத்துவிடும்.

ஜோத்பூரிலிருந்து தொடங்குவோம். ராத்தோர் வம்சத்து ராவ் ஜோதா, மண்டோரில் இருந்த தலைநகரை விட்டு, 1459-இல் இங்கே ஒரு பாறைக் குன்றின்மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். அதுதான் மெஹ்ரான்கர். ஊர் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரம். கீழே நின்று பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குன்றில் தவம் செய்துகொண்டிருந்த சிடியாநாத் என்ற துறவியைக் கிளப்பிவிட்டதால், 'உன் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும்' என்று அவர் சபித்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையிலும் தண்ணீர்தான் வருகிறது, பாருங்கள். சாபம் தீர ராஜாராம் மேக்வால் என்பவர் அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். கோட்டைக்குள் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். ராஜ பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவதன் அடியில் யார் கிடக்கிறார்கள் என்பதும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்ந்ததுதான்.

ஏழு வாசல்கள். 1808-இல் ஜெய்ப்பூர்ப் படை முற்றுகையிட்டபோது விழுந்த பீரங்கிக் குண்டுகளின் தழும்புகள் ஒரு வாசலில் இன்னும் அப்படியே இருக்கின்றன. கடைசி வாசலான 'லோஹா போல்' ('போல்' என்றால் அங்கே வாசல்) பக்கம் போனால் இடதுபுறச் சுவரில் சின்னச் சின்னக் கைகள் தெரியும். 1843-இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது அவரோடு சிதையேறிய பெண்களின் கைத்தடங்கள் என்று சொல்கிறார்கள். குங்குமம் பூசி, வெள்ளித்தாள் ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு சிறிய கைகள். வழிகாட்டிகள் இந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துபோவார்கள். நீங்கள் அவர்கள் வேகத்துக்குப் போக வேண்டாம்.

உள்ளே அருங்காட்சியகம். இந்திய அரண்மனை அருங்காட்சியகங்களில் இவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்படுவது சிலதான் என்பது என் அபிப்பிராயம். மகாராஜா இரண்டாம் கஜ்சிங் 1972-இல் அமைத்த அறக்கட்டளை இதை நடத்துகிறது. பல்லக்குகள், யானை அம்பாரிகள், அவற்றில் ஷாஜகான் கொடுத்ததாகச் சொல்லப்படும் வெள்ளி அம்பாரி, மார்வார் ஓவியங்கள். ஆடியோ கைடை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், காசு கட்டினால் லிஃப்டில் மேலே போய்விடலாம். அரை நாள் இங்கேயே போகும். போகட்டும்.

நீல வீடுகளைத் தேடி வருபவர்கள் பலர் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் அலைந்துவிட்டு, 'எங்கே நீலம்?' என்று ஏமாந்து திரும்புகிறார்கள். நீலம் கோட்டைக்கு மறுபக்கம், பிரம்மபுரி, நவ்சவுக்கியா தெருக்களில் இருக்கிறது. கோட்டையின் 'ஃபதே போல்' வாசல் வழியாக இறங்கினால் நேரே அங்கே போய் நிற்பீர்கள். முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் வேறு நிறம் அடித்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம். மேலேயிருந்து பார்க்கக் கோட்டை மதில்தான் சரியான இடம்.

ஆனால் ஜோத்பூருக்கு மூன்று இரவு கேட்பதற்கு எனக்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, கோட்டை அடிவாரத்தில் சுமார் 70 ஹெக்டேரில் இருக்கும் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா. நம்மூர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் இது சீமைக் கருவேலத்தோடு நடந்த ஒரு சண்டையின் கதை. நம் கண்மாய்களையும் ஆற்றுப் படுகைகளையும் அடைத்துக்கொண்ட அதே மரம். இங்கே அதற்கு 'பாவ்லியா' என்று பெயர், பைத்தியம் பிடித்தது என்று பொருள். 1930-களில் மகாராஜா உமைத் சிங் காலத்தில் விமானத்திலிருந்து அதன் விதையைத் தூவினார்களாம். பாறையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. 2006-இல் அதை அகற்றும் வேலை ஆரம்பித்தது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பது நமக்குத் தெரிந்த கதைதானே. பாறைக்குள் போன வேரையே தோண்டி எடுக்க வேண்டும், ஆனால் கோட்டை பக்கத்தில் இருப்பதால் வெடி வைக்க முடியாது. அதனால் பரம்பரையாகக் கல் உடைக்கிறவர்களை அழைத்தார்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, வருகிற ஓசையை வைத்தே எங்கே பிளக்கும் என்று கண்டுபிடித்து, உளியால் பெயர்த்து வேரை எடுத்தார்கள். அந்தக் குழிகளில் பாலைக்கே உரிய செடிகளை நட்டார்கள். 2011-இல் பூங்கா திறந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் பச்சையாக இருக்கும், மற்ற நாட்களில் கள்ளியும் காய்ந்த புல்லும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை இது, வயது சுமார் 75 கோடி ஆண்டு. அந்தப் பாறையில் ஒரு செடி பிடித்து வளர்வதைக் கிட்டே பார்க்க அங்கே ஆள் வைத்து நடத்திக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது காரணம் கேஜர்லி. ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கேஜ்ரி என்று சொல்லும் மரம் நம் வன்னி மரமேதான். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. 1730-இல் மன்னரின் ஆட்கள் அரண்மனை வேலைக்காக அந்த மரங்களை வெட்ட வந்தபோது, மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமய நெறியாகவே கொண்ட பிஷ்னோய் சமூகத்து அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். அவரை வெட்டினார்கள். அவர் மகள்களை வெட்டினார்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து நின்றவர்களையும் சேர்த்து மொத்தம் 363 பேர் செத்தார்கள். பாலையில் வன்னி என்றால் ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, வயலுக்கு நிழல், மனிதருக்குக் காய். அந்தக் காயை உலர்த்தி வைத்ததுதான் சாங்கரி. கேர் என்ற காட்டுக் காயோடு சேர்த்துச் செய்கிற கேர் சாங்கரி பொரியல், எங்கே சாப்பிட்டாலும் புளிப்பும் காரமுமாக நன்றாக இருக்கும். பிஷ்னோய் ஊர்களின் வயல்களில் வெளிமான்கள் யாருக்கும் பயப்படாமல் மேய்வதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். 'பிஷ்னோய் வில்லேஜ் சஃபாரி' என்று ஜீப்பில் கூட்டிப்போகிறவர்கள் அபின் கரைக்கும் சடங்கையும் கம்பள விற்பனையையும்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு நேரே கேஜர்லி நினைவிடத்துக்குப் போவது மேல்.

சாப்பாட்டுக்கும் ஜோத்பூரை விட்டால் வேறு ஊர் இல்லை. மிளகாய் வடை, மாவா கச்சோரி, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற அளவுக்குக் கெட்டியான மக்கனியா லஸ்ஸி. சைவக்காரர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. தண்ணீர் அரிது என்பதால் மோரும் தயிரும் நெய்யும்தான் குழம்புக்கு அடிப்படை. சோறு இல்லாமல் முடியாது என்பவர்கள் மட்டும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சரி, ஜெய்சல்மேர். 1156-இல் பாட்டி வம்சத்து ராவல் ஜெய்சல் உண்டாக்கிய ஊர். மஞ்சள் மணற்கல்லில் ஒரு கோட்டை, 99 கொத்தளங்கள். ஜோத்பூர்க் கோட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இதற்குள் இன்றும் ஊர் இருக்கிறது. துணி காய்கிறது, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாடு வழியை மறிக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் இது ஒன்று. மெஹ்ரான்கர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை வைத்து மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

செல்வம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் கிடைக்கும். சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் போன ஒட்டக வணிகப் பாதை இந்த ஊர் வழியாகப் போனது. வரியும் வட்டியும் ஊரை வளர்த்தன. 1800-களின் தொடக்கத்தில் பட்வா என்ற வணிகக் குடும்பம் வரிசையாகக் கட்டிய ஐந்து ஹவேலிகளின், அதாவது மாளிகை வீடுகளின், முகப்பைப் பாருங்கள், ஜன்னல் ஒவ்வொன்றும் மரத்தில் செதுக்கியதோ என்று நினைக்க வைக்கும். தொட்டால் கல். நத்மல் ஹவேலியை இரண்டு சிற்பிச் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் செய்தார்கள் என்பார்கள். நிதானமாக நின்று இடதையும் வலதையும் ஒப்பிட்டால், ஒரே மாதிரி தெரிகிற பூக்கள் ஒரே மாதிரி இல்லை என்று பிடிபடும். பின்னால் பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது, ஒட்டகப் பாதை தேய்ந்தது, 1947-இல் எல்லை விழுந்ததும் மேற்குக் கதவு ஒரேயடியாக மூடிக்கொண்டது.

கோட்டைக்குள் தங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வாழ்ந்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது. குழாய் வந்து, விடுதிகள் வந்து, குளியலறைகள் வந்ததும், கழிவுநீர் மண்ணில் இறங்கி அடித்தளம் இளகத் தொடங்கியது. கொத்தளங்கள் சரிந்து விழுந்திருக்கின்றன. மாடி ஜன்னலிலிருந்து சூரிய உதயம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெளியே தங்கினால் அந்தக் கோட்டை முழுவதும் மாலை வெயிலில் நிறம் மாறுவதைப் பார்க்கலாம், உள்ளே இருந்தால் அது தெரியாது. உள்ளே இருக்கும் சமணக் கோயில்களை வெளியாட்களுக்குக் காலை நேரத்தில்தான் திறந்துவிடுவார்கள், அதற்கேற்றபடி போங்கள். தோல் பொருள் எதுவும் கையில் வேண்டாம்.

ஊருக்குப் பல நூற்றாண்டு குடிநீர் கொடுத்த கடீசர் ஏரிக்கு விடிகாலையில் போனால் கூட்டம் இருக்காது. அப்புறம் குல்தாரா, சுமார் 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப்போன ஊர். எல்லோரும் பேய்க் கதைதான் சொல்வார்கள். எனக்கு அந்த ஊர் முக்கியமாகப் படுவது கதீன் என்ற அவர்களுடைய ஏற்பாட்டால். சரிவான நிலத்தின் கீழ்ப் பக்கம் நீளமாக ஒரு மண்கரை போட்டு, பெய்கிற கொஞ்ச மழையையும் தேக்கி, நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைத்தார்கள். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத இடத்தில் கோதுமை!

மணல்மேடு பார்க்க எல்லோரையும் சாம் பக்கம்தான் கூட்டிப்போவார்கள், சுமார் 40 கிலோமீட்டர். வரிசையாகக் கூடாரங்கள், ஜீப், ராத்திரி ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். அமைதி வேண்டும் என்றால் தென்மேற்கே குரி பக்கம் போங்கள். எங்கே போனாலும், முன்பதிவு செய்யும்போதே மாங்கணியார் பாட்டு இருக்குமா என்று கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக இந்து வீடுகளின் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேறுக்கும் பாடி வரும் முஸ்லிம் பாடகர்கள் அவர்கள். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம், கையில் இரண்டு மரத்துண்டுகளாக கர்த்தால். ஒலிபெருக்கி இல்லாமல், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். கர்த்தால் வாசிக்கிறவரின் விரல்களைப் பாருங்கள், மரத்துண்டு கண்ணுக்கே தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

ஜெய்சல்மேருக்கு இரண்டு இரவு போதும் என்பதற்குக் காரணம், ஊர் சின்னது. மூன்றாவது நாள் கடைக்காரர்கள் எல்லோரும் உங்களை அடையாளம் கண்டு கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஜெய்சல்மேர் வரை போக நேரமே இல்லாதவர்கள், ஜோத்பூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் ஓசியானுக்குப் போகலாம். 8-ஆம் நூற்றாண்டு தொட்டு எழுந்த கோயில்கள், பக்கத்திலேயே மணல்மேடு, ஒட்டகம். ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.

இனி பிகானேர். ராவ் ஜோதாவின் மகன் பிகா, தகப்பனை விட்டு வடக்கே வந்து 1488-இல் உண்டாக்கிய ஊர். ஜூனாகர் கோட்டையை அக்பரின் படைத்தளபதியாக இருந்த ராஜா ராய்சிங் 1589 முதல் 1594 வரை கட்டினார். குன்று கிடையாது, சமதரையில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஜோத்பூரின் பிரமிப்பு இல்லை. உள்ளேதான் விஷயம். அனூப் மஹாலில் சிவப்பு அரக்குப் பூச்சின்மேல் தங்க வேலை. அடுத்து பாதல் மஹால், மேக அறை. சுவர் முழுவதும் நீல மேகங்கள் சுருள் சுருளாக, நடுவே மின்னல், கீழே கோடு கோடாக மழை. மழையைப் பார்த்தறியாத குழந்தைகளுக்குக் காட்டத்தான் இப்படி வரைந்தார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு மூன்று ஊரிலும் மிகப் பிடித்த அறை இதுதான். 1899-1900 பஞ்சம் இந்தப் பக்கத்தை அழித்ததைப் பார்த்த பிகானேர் மகாராஜா கங்கா சிங்தான் பின்னாளில் சட்லஜ் நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார், 1927-இல். வரைந்த மழையையும் வெட்டிய கால்வாயையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் பிகானேர் அரசர்கள்மேல் ஒரு மரியாதை வருகிறது.

ராம்பூரியா ஹவேலிகள், புஜியா என்ற காரச்சேவு வகை விற்கும் கடைகள், ஒட்டக ஆராய்ச்சி மையம், 30 கிலோமீட்டர் தள்ளித் தேஷ்நோக்கில் ஆயிரக்கணக்கான எலிகள் ஓடும் கர்ணி மாதா கோயில், இவ்வளவும் ஒன்றரை நாளில் முடியும். எலிக் கோயிலில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், அருவருப்புக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு ஊர்களில் இருக்கும் சுற்றுலாத் தொந்தரவு இங்கே மிகக் குறைவு. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

ஆக, பிகானேர் யாருக்கு? ஓவியமும் உள்ளலங்காரமும் பிடித்தவர்களுக்கு, கூட்டம் ஆகாதவர்களுக்கு, ஏற்றம் ஏற முடியாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கு (கோட்டைக்குள் படிகள் உண்டு, ஆனால் மலையேற்றம் இல்லை), ஏற்கெனவே ஜோத்பூர் பார்த்துவிட்டவர்களுக்கு. மணலும் ஒட்டகமும் கேட்டு நச்சரிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஜெய்சல்மேரை விட முடியாது. ஒரே ஊர்தான், நாலே நாள்தான் என்றால் யோசிக்காமல் ஜோத்பூர்.

நவம்பரும் பிப்ரவரியும்தான் நல்ல மாதங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் விலையும் கூட்டமும் ஏறிவிடும், ஜனவரி இரவுகளில் கூடாரத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும், கம்பளிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மே, ஜூன் பக்கமே போகாதீர்கள். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடையிலுள்ள ஃபலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் அடித்தது. அதே ஃபலோதிக்குப் பக்கத்தில்தான் கீச்சன் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான குர்ஜா கொக்குகள் வெகுதூரத்திலிருந்து வந்து இறங்கும். ஊர்க்காரர்கள் காலையில் தானியம் இறைக்கிறார்கள். முதலில் வானத்தில் வட்டமிடும், அப்புறம் ஒரு கூட்டம், பின்னாலேயே அடுத்தது. ஜெய்சல்மேரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு இரவு ஃபலோதியில் தங்கினால் இதைப் பார்த்துவிடலாம்.

போகிற வழியைப் பொறுத்தும் முடிவு மாறலாம். விமானம் என்றால் ஜோத்பூரில் இறங்குவதே வசதி, பெரும்பாலும் டெல்லியிலோ மும்பையிலோ மாறிப் போவீர்கள். ரயில் என்றால் மதுரையிலிருந்து பிகானேருக்கும், மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கும் வாரம் ஒருமுறை வண்டி உண்டு. இரண்டு இரவு வண்டியில் போகும், நேரத்தையும் கிழமையையும் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் லீவு கிடைக்கிறவர்கள் மதுரை ரயிலில் பிகானேர் போய் இறங்கி, ஜெய்சல்மேர், கீச்சன் என்று வந்து, ஜோத்பூரில் முடித்து மன்னார்குடி ரயிலில் ஏறிவிடலாம். மூன்று ஊரும் ஆயிற்று, போன வழியிலேயே திரும்பவும் வேண்டாம்.